கூகை கக்கிய உருண்டையில் அதன் இடத்தைப் படிப்பது எப்படி

வேட்டைப் பறவை எதைத் தின்கிறது என்று பார்க்க, பைனாகுலரோடு நாள்கணக்கில் காத்திருந்தவன் நான். வாரத்துக்கு இரண்டு வேட்டை கண்ணில் பட்டால் அதிகம். கூகை என்ற ஆந்தை தங்கும் பாழடைந்த கட்டடம் ஒன்றின் தரையைக் குனிந்து பார்த்த அன்றுதான் வேலை சுலபமானது.

கூகை இரையைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கும். சதை செரித்துவிடும். எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளியே வரும், நாளுக்கு ஒன்றோ இரண்டோ. புதியது கறுத்துப் பளபளக்கும்; பழையது சாம்பல் பூத்து உதிரும். பருந்து, வல்லூறு உருண்டைகளில் தொடங்காதீர்கள். அவற்றின் இரைப்பை அமிலம் கடுமையானது. எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடும்.

குஞ்சு இருக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம், கூடு கைவிடப்படலாம். மற்ற நாட்களில் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு முதலில் பழைய உருண்டைகளை அப்புறப்படுத்துங்கள். அடுத்த வாரம் கிடைப்பவை அந்த வாரத்தினுடையவை. உறையில் தேதியை எழுதிவிடுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சின்ன இடுக்கியால் பிரித்து, கறுப்புத் தாளில் எலும்புகளைப் பரப்புங்கள். தாடையைத் தேடுங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எலி வகை. இடைவெளியே இல்லாமல் கூர்ப்பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. அலகு இருந்தால் பறவை. எண்ணும்போது இடம், வலம் பிரித்து எண்ண வேண்டும்: இடது கீழ்த்தாடை 5, வலது 4 என்றால் குறைந்தது 5 எலிகள்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த வேலை. கூகை தங்கும் இடத்திலிருந்து நாலு பக்கமும் ஒரு கிலோமீட்டர் நடந்து, எங்கே உயரமான புல், எங்கே வயல், எங்கே வீடுகள் என்று வரைந்துகொள்ளுங்கள். நான் பார்த்த இடத்தில் ஒரு பருவத்தில் புல்வெளியை உழுதுவிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் புல்வெளி எலிகளின் தாடைகள் குறைந்தன. வீட்டு எலியும் சிட்டுக்குருவி மண்டையும் கூடின. அதே கூகை, அது உட்காரும் அதே உத்தரக் கட்டை. எனக்கு அது பெரிய வருத்தம்.

எல்லாப் பறவையும் இப்படி மாறிக்கொள்ளாது. விராலடிப்பான் என்ற வேட்டைப் பறவையின் உணவு கிட்டத்தட்ட முழுவதும் மீன்தான். நீர்நிலை வற்றினால் அதுவும் போய்விடும். பொரி வல்லூறு பறவைகளையே முக்கியமாக வேட்டையாடும், ஆனால் நகரத்தில் அது புறா, கடலோரத்தில் உள்ளான் என்ற கரைப்பறவை. வைரி என்ற சிறிய வேட்டைப் பறவையின் குட்டைச் சிறகும் நீண்ட வாலும் மரங்களுக்கிடையே வளைந்து பாய உதவும். ஆகவே, இந்த உடம்பால் எதைப் பிடிக்க முடியும், இந்த இடத்தில் எது கிடைக்கும் என்ற இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

உருண்டை எல்லாவற்றையும் சொல்லாது. மண்புழு போன்ற மென்மையான இரை அதிகத் தடம் விடாது. 30 உருண்டையாவது சேராமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. இரண்டு இடங்களை ஒப்பிடுவதானால் ஒரே பருவத்தில் சேகரித்ததை ஒப்பிடுங்கள். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனித் தாள் வேண்டும்.