புதுத் தொட்டிக்குப் பழகிய ஸ்பாஞ்ச்

புதிய மீன்தொட்டிக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை (நுரைப்பஞ்சு வழியே நீரை இழுத்து வடிகட்டும் கருவி), நெடுநாளாக நன்றாக இயங்கிவரும் நன்னீர்த் தொட்டி ஒன்றில் முதலில் 4 முதல் 6 வாரங்கள் ஓடவிட்டு, அதன்பின் புதுத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

மீன்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நச்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதைவிட, காற்றோட்டமுள்ள நுண்துளைப் பரப்புகளில் ஒட்டியே பெரும்பாலும் வாழ்கின்றன. எனவே பழைய தொட்டியின் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவதால் (பலரும் செய்வது இதுதான்) பெரிய பயன் இல்லை. பழகிய ஸ்பாஞ்ச், அந்த உயிர்களையே குடியமர்த்திவிடுவதால், புதுத் தொட்டி பதப்படுவதற்காக, அதாவது இந்த நுண்ணுயிர்கள் அங்கே போதுமான அளவு பெருகுவதற்காக, வாரக்கணக்கில் காத்திருக்கும் காலம் பெரிதும் குறைகிறது. மாற்றும்போது அது உலரக் கூடாது. குளோரின் கலந்த குழாய்நீரில் அலசவும் கூடாது. முதலில் சில மீன்களை மட்டும் விட்டு, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்று சோதனையில் தெரிந்த பிறகே எண்ணிக்கையைக் கூட்டலாம்.

நோய் கண்ட தொட்டியிலிருந்தோ, அண்மையில் மருந்திட்ட தொட்டியிலிருந்தோ ஸ்பாஞ்சை எடுக்க வேண்டாம். கடல்நீர்த் தொட்டிக்கு நன்னீர் ஸ்பாஞ்ச் உதவாது. கழிவு மிகுதியாக வெளியேற்றும் பெரிய கோல்டுஃபிஷ், ஆஸ்கர் போன்ற மீன்களுக்கு ஒற்றை ஸ்பாஞ்ச் போதாது. அங்கே கனிஸ்டர் ஃபில்டருக்கு (தொட்டிக்கு வெளியே வைக்கும், கொள்ளளவு மிகுந்த மூடிய வடிகட்டி) செலவிடுவதே சரி.