ஊட்டி வர்றதுக்கு வழி கேக்குறீங்களா, இப்படி கேளுங்க

"ரோடு எப்படி இருக்கு?"ன்னு மொட்டையா கேட்டா குன்னூர்ல இருக்கற நான் என்னத்த சொல்றது? எந்த வண்டி, எந்தப் பக்கம் இருந்து, எத்தனை மணிக்கு, மலை ரோட்டுல ஓட்டிப் பழக்கம் இருக்கா, இத்தனையும் சேத்து கேளுங்க, அப்பதான் உருப்படியா பதில் வரும்.

மைசூர்ல இருந்துன்னா பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் மூடிருவாங்க, இது தெரியாம எட்டரைக்கு கிளம்பறவங்க இன்னும் இருக்காங்க. மசினகுடி கல்லட்டி வழி தூரம் கம்மிதான், ஆனா 36 கொண்டை ஊசி வளைவு, பயங்கர ஏத்தம், புது ஆளுன்னா கூடலூர் வழியே வாங்க. எறங்கும்போது நியூட்ரல்ல போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கறேன்னு கிளம்பாதீங்க சாமி, ரெண்டாவது கியர்லயே விடுங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி புடிக்காம போயிரும்.

2024 மே 7ல இருந்து ஊட்டிக்கு வண்டில வர இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்கற அனுமதி, வேணும், அரசு பஸ்ல வந்தா வேண்டாம். மேப்ப மேட்டுப்பாளையத்துலயே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, மேல ஏற ஏற டவர் கண்ணாமூச்சி ஆடும். லேப்டாப்போட வேலை பாக்க வர்றவங்க ரூம்காரர்கிட்ட "வைஃபை இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்வார், கரண்ட் போனாலும் ஓடுமான்னு கேளுங்க.