டிஷ்ஷுக்கு கேபிள் வாங்கும்போது இதைப் பாருங்கள்

வேனில் எடுத்துப்போகிற சின்ன டிஷ்ஷுக்கோ மொட்டைமாடி டிஷ்ஷுக்கோ கேபிள் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறீர்கள் என்றால், "டிவி கேபிள் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், ஆர்ஜி 6 என்று கேளுங்கள், மேலே 75 ஓம் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். விலை குறைவு என்று ஒல்லியான ஆர்ஜி 59-ஐ நீட்டினால் வேண்டாம். டிஷ்ஷிலிருந்து வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னல், ஒல்லி கேபிள் அதில் நிறையவே வழியில் விழுங்கிவிடும்.

அப்புறம், டிஷ் முனையில் சிக்னலைப் பிடிக்கும் சின்னப் பெட்டியான எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட்டும் இதே கேபிளின் நடுக்கம்பி வழியாகத்தான் செட்டாப் பாக்ஸிலிருந்து போகிறது. அந்தக் கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய இரும்பா? ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. பத்து மீட்டருக்குள் என்றால் அதுவே போதும், முப்பது மீட்டர் இழுக்கப்போகிறீர்கள் என்றால் கூடக் காசு கொடுத்து முழுச் செம்பே வாங்குங்கள்.

கேபிள் முனையில் மாட்டுகிற எஃப் கனெக்டரில் கையால் திருகுகிற வகையைவிட அழுத்திப் பொருத்துகிற வகை நல்லது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று உள்ளே புகுந்து சீக்கிரம் அரித்துவிடும், அதனால் வெளியே இருக்கும் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். பொருத்தும்போது, நடுக்கம்பியைச் சுற்றி வெளியே இருக்கும் பின்னல் கம்பியின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். மடித்து வைக்கும்போது அகலமான வளையமாகச் சுற்றுங்கள், ஒருமுறை நசுங்கி மடிந்த இடம் பழையபடி ஆகாது.