வேலை செய்ய முடியாத முன்னாள் படைவீரர்: விஏ மறுத்தால் மேல்முறையீடு செய்வது எப்படி?

அமெரிக்கப் படைப்பணியால் வந்த காயமோ நோயோ ஒருவரை வேலைக்குப் போகவிடாமல் செய்தால், அந்தப் பாதிப்புக்குத் தரப்பட்ட சதவீத மதிப்பீடு 100-க்குக் கீழே இருந்தாலும் 100 சதவீத இழப்பீட்டுத் தொகையைப் பெற வழி உண்டு. அதன் பெயர் டிடிஐயூ. முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏ அதை மறுத்துவிட்டால், கடிதத்தில் காரணம் சொல்லும் பத்தியை முதலில் படியுங்கள்.

சதவீதம் போதவில்லை என்கிறார்களா? ஒரே பாதிப்பு என்றால் 60 வேண்டும். பல என்றால் ஒன்றாவது 40, கூட்டு மதிப்பீடு 70. ஒரே விபத்தில் வந்தவை ஒரே பாதிப்பாகக் கணக்காகும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படியும் எட்டாவிட்டால், விஏவின் 4.16(பி) விதிப்படி இழப்பீட்டுப் பிரிவு இயக்குநரின் பரிசீலனைக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

"உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கலாம்" என்று மறுத்திருந்தால், ஓட்டை பெரும்பாலும் மருத்துவச் சான்றில் இருக்கும். "இவரால் வேலை செய்ய முடியாது" என்ற ஒற்றை வரி எடுபடாது. எத்தனை நிமிடம் உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும், மாதம் எத்தனை நாள் வேலைக்கு வரமுடியாமல் போகும், மருந்து கவனத்தைக் குலைக்கிறதா என்று மருத்துவர் விவரமாக எழுத வேண்டும். அதுவும் படைப்பணியால் வந்ததாக விஏ ஏற்ற பாதிப்புகளை மட்டும் வைத்து. வயதையும் மற்ற நோய்களையும் கலந்து எழுதினால் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும். படிப்பும் பழைய தொழிலும் கணக்கில் வரும். ஆயுள் முழுக்கக் கூரை வேலை பார்த்தவருக்கு அலுவலகப் பயிற்சி எதுவும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

டிடிஐயூ கேட்டு விண்ணப்பிக்கும் 21-8940 படிவத்தில் வேலை விவரங்களை வெற்றிடமாக விடாதீர்கள். முன்னாள் முதலாளி வேலை விவரம் தரும் 21-4192 படிவத்தை நிரப்பித் தராவிட்டால், உடன் வேலை பார்த்தவர்களிடம் எழுத்துமூலம் சாட்சியம் வாங்குங்கள். பகுதிநேர வேலை இருப்பதாலேயே தகுதி போய்விடாது. ஆண்டு வருமானம் தனிநபர் வறுமைக்கோட்டைத் தாண்டாவிட்டால் அது பொதுவாகப் பிழைப்புக்குப் போதாத சிறு வேலையாகவே கருதப்படும்.

பிறகு வழியைத் தேர்ந்தெடுங்கள். புதிய சான்று கையில் இருந்தால் 20-0995 படிவத்தில் துணைக் கோரிக்கை. இருக்கும் கோப்பையே தவறாகப் படித்திருந்தால் 20-0996 படிவத்தில் மேல்நிலை மறுபரிசீலனை. அங்கே புதிய சான்று எதையும் பார்க்கமாட்டார்கள் என்பதால், சான்று குறைந்தவர்கள் இதில் போய்ப் பயனில்லை. நீதிபதி முன் விசாரணை வேண்டுமென்றால் 10182 படிவத்தில் மேல்முறையீட்டு வாரியம்.

மூன்றுக்கும் கெடு, மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டு. அதற்குப் பின்னும் துணைக் கோரிக்கை போடலாம். ஆனால் பழைய தேதியிலிருந்து சேரவேண்டிய நிலுவைத்தொகை பொதுவாகக் கிடைக்காது.