கார்ட்டூன் பெண்பிள்ளைக்கு வேலை கேட்டு எழுதுவது எப்படி?

"பெண் பாத்திரங்களை நன்றாகக் காட்டுங்கள்" என்று சேனலுக்கு எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும். அதோடு சரி. எழுதுவதற்கு முன்னால் எண்ணுங்கள்.

என் டியூஷனில் சனிக்கிழமை பாடம் முடிந்ததும் ஒரு எபிசோடு ஓடும். பிள்ளைகள் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். யோசனை சொன்னது யார்? வண்டி ஓட்டியது யார்? மாட்டிக்கொண்டது யார்? சிரிக்க வைத்தது யார்? ஒரு கதையில் பெண்பிள்ளை பேசியதெல்லாம் "ஐயோ", "பார்த்துப் போ", "பசிக்குதா?" என்பதற்குள் அடங்கிவிட்டது. சிரிக்க வைத்த கட்டத்தில் முழுக்கப் பையன்கள் பெயர்தான்.

அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். வீரமான பெண் வேண்டும் என்று மட்டும் கேட்டால், கராத்தே தெரிந்த, தப்பே செய்யாத, எல்லோருக்கும் புத்தி சொல்கிற ஒரு அக்காவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்காது, எனக்கும்தான். தின்பண்டம் திருடி மாட்டிக்கொள்கிற, பொய் சொல்லிவிட்டு முழிக்கிற பெண்பிள்ளையைக் கேளுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, நேரம், நீங்கள் எண்ணிய கணக்கு, அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை. "ஒரு கதையிலாவது திட்டத்தை அவள் போடட்டும், அது சொதப்பட்டும், அவளே சரிசெய்யட்டும்" என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். சும்மா கூச்சல் போட்டால் அது எங்கோ போய்விடும். 2020 ஜூனில், கார்ட்டூன் நாயகன் சோட்டா பீம் தோழி சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று ட்விட்டரே கொதித்தது. அவர்கள் குழந்தைகள், யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்று அதைத் தயாரிக்கும் கிரீன் கோல்டு நிறுவனம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அத்தனை பேரும் சுட்கிக்கு மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில் நல்ல கதை கேட்டிருக்கலாம்!

யாருக்கு அனுப்புவது? 2021-ல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி ஒவ்வொரு டிவி சேனலும் குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் உறுதிசெய்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அது நிகழ்ச்சி விதிமீறலுக்கான வழி. பெண்பிள்ளை லட்டு சுமந்துகொண்டே இருப்பது விதிமீறல் ஆகாது. பெண்களைக் கேவலப்படுத்தியிருந்தால் மட்டும் அங்கே போங்கள். மற்றதற்குத் தயாரிப்பு நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள். நடுவில் வரும் விளம்பரம்தான் பிரச்சினை என்றால் விளம்பரத் தர மன்றமான ஏஎஸ்சிஐ இருக்கிறது. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று முத்திரை குத்தும் விளம்பரங்களுக்கு எதிராக 2022-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறார்கள்.

பதில் சாதகமாக வந்தாலும் கோப்பை மூடாதீர்கள். பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ, ஸ்டார் வார்ஸ் படத்தை வைத்து வெளியிட்ட மோனோபோலி பலகை விளையாட்டில் நான்கு காய்கள் இருந்தன, படத்தின் நாயகி ரே மட்டும் இல்லை. எட்டு வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தி ஏன் என்று கேட்டு எழுதினாள். பலரும் சேர்ந்துகொள்ள, 2016 ஜனவரியில் சேர்க்கிறோம் என்றார்கள். 2017-லும் அமெரிக்கக் கடைகளில் ரே காய் உள்ள பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போதிய ஆர்வம் இல்லை, வேண்டுமானால் கேட்பவர்களுக்குக் காயைத் தருகிறோம் என்றது நிறுவனம்.

ஆகவே வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள். புது சீசன் தொடங்கியதும் அதே கட்டங்களைப் போட்டு எண்ணி, பழைய பதிலின் நகலையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.