சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதில் தொடங்குங்கள்

தங்கச்சிமடத்தில் வீடு, ராமேஸ்வரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஏழெட்டு கிலோமீட்டர். பதினோரு வருடமாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். புதிதாகச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் என்ன வண்டி, கியர் வேண்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "போய்ச் சேர்ந்ததும் எங்கே நிறுத்துவீங்க?" என்றுதான். அதை யோசிக்காமல் ஆரம்பித்த இரண்டு பேர் மழைக்காலத்துக்கு முன்பே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ராமேஸ்வரத்தில் காலியாக ஒரு ஓரம் தெரிந்தால் பத்து நிமிடத்தில் அங்கே ஒரு சுற்றுலா வேன் நிற்கும். அந்த வேன் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் தாராளமாக நிற்கும், ஆனால் நமக்கென்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. முதல் மாதமே இரண்டு வேனுக்கு நடுவில் நிழல் பார்த்து நிறுத்தினேன். ஒன்று பின்னால் எடுத்ததில் பின்சக்கரம் வளைந்துபோனது. கோட்டம் எடுத்துப் பார்த்தும் நேராகவில்லை, ரிம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வண்டிகள் பின்னால் எடுக்கும் இடத்தில், நிழலே இருந்தாலும் நிறுத்துவதில்லை.

இடம் தேடும்போது மூன்று விஷயம் பாருங்கள். முன்னால் ஒரு கம்பமோ மரமோ இருக்க வேண்டும், வேன் இடிக்க வந்தால் அதில்தான் முதலில் முட்டும். உட்கார்ந்தே வேலை பார்க்கும் யாராவது ஒருவர் கண்ணில் சைக்கிள் பட வேண்டும். டீக்கடை, தையல்கடை, பூக்கடை இதற்கு நல்லது. கடல் காற்று நேராக அடிக்காமல் ஒரு சுவர் மறைக்க வேண்டும். இடம் கிடைத்ததும் சும்மா நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கேளுங்கள். நான் டீக்கடைக்காரரிடம், "அண்ணே, இந்த ஓரத்துல நிறுத்திக்கிறேன், ஆறரைக்கு எடுத்துருவேன்" என்றேன். "பத்து மணிக்கு பால் வண்டி வரும்மா, ஹேண்டில்பாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வச்சுக்க" என்றார். அவ்வளவுதான், அந்த இடம் என்னுடையதாகிவிட்டது. தினமும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்துங்கள். வேறு யாராவது கை வைத்தால் அங்கே உள்ளவர்களுக்கு உடனே தெரியும்.

பின்சக்கரத்து வளையப்பூட்டு மட்டும் போதாது, அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு சங்கிலியை முன்சக்கரம், பிரேம், கம்பம் மூன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள். பூட்டு தரையில் கிடக்காமல் உயரத்தில் தொங்கட்டும், மண் ஏறாது. சாவித் துவாரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிச் சிக்கிக்கொள்ளும். பென்சில் கரியைச் சுரண்டித் தூவினால் சாவி வழுக்கிக்கொண்டு போகும்.

மணலில் நிறுத்தினால் ஸ்டாண்டு புதைந்து சைக்கிள் சாயும். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைப் பக்கம் போகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். கேரியரில் கையகலப் பனைமட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன், ஸ்டாண்டுக்கு அடியில் போட்டால் அசையாது.

அப்புறம் உப்பு. இங்கே சைக்கிள் ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதுதான் அதிகம். கழுவுகிறேன் என்று உவர்ப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது இன்னும் கேடு. குடம் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்கும் ஊரில் சைக்கிளைக் குளிப்பாட்டவும் முடியாது. ஒரு செம்பு நல்ல தண்ணீர் போதும். துணியை நனைத்துப் பிழிந்து ரிம், ஸ்போக்ஸ், ஹேண்டில்பார் எல்லாம் துடைக்கிறேன். செயினைக் காய்ந்த துணியில் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் கறுப்புப் பசையும் வெள்ளை உப்பும் துணியில் வந்துவிடும். பிறகு தையல் மெஷின் எண்ணெய், கண்ணிக்கு ஒரு சொட்டு. வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குகிறேன்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் ஆணி இல்லை, சீமைக்கருவேல முள். அதனால் நிழலுக்காகக்கூட கருவேலத்துக்குக் கீழே நிறுத்த வேண்டாம். பஞ்சர் ஒட்டியவுடன் டியூபை உள்ளே போட்டுவிடாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டுங்கள். முள்ளின் நுனி மட்டும் முறிந்து உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலில் சுருக்கென்று படும். அதை எடுக்காவிட்டால் மறுநாள் அதே இடத்தில் காற்றுப் போகும்.

இனி சாலை. காலையில் கிழக்கே போகிறோம், மாலையில் மேற்கே திரும்புகிறோம். இரண்டு நேரமும் வெயில் முகத்தில். நமக்குக் கண் கூசுவது இருக்கட்டும், பின்னால் வரும் டிரைவருக்கும் அதே வெயில்தான் கண்ணில். அவருக்கு நாம் தெரியவே மாட்டோம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுங்கள். கேரியரில் செக்கச்சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், முடிந்தவரை வெயில் நன்றாக ஏறிய பிறகே கிளம்புகிறேன். எனக்கு அதிகம் பயம் தருவது எதிரே வருகிறவர்கள். ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு கார் நம் பக்கத்துக்கே வரும். அப்போது தார் ஓரத்திலிருந்து மணலில் ஓட்டியபடியே இறங்காதீர்கள். மணலில் முன்சக்கரம் இழுக்கும், திரும்ப ஏறும்போது தார் விளிம்பில் பட்டு ஆளையே தள்ளிவிடும். பிரேக் பிடித்து, காலை ஊன்றி, சைக்கிளோடு ஒதுங்கி நின்றுவிடுங்கள். அரை நிமிடம்தான்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. காலையில் முதுகைத் தள்ளிவிடும், மாலையில் நெஞ்சில் அடிக்கும். அரை மணி நேரத்தில் வந்த தூரம் திரும்ப முக்கால் மணி. ஐப்பசிக்கு மேல் வாடை, காலையிலேயே எதிர்ப்பு. காற்றைப் பார்த்துக் கிளம்பும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் பக்கவாட்டில் வரும். பஸ் ஒன்று கடக்கும்போது காற்று சட்டென்று நின்று, அது போனதும் ஒரேயடியாக அறையும். சுற்றுலா வண்டிகள் ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நின்றுவிட்டால் நடுச்சாலைக்குப் போகாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று ஊருக்குள் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம். ஊர் எல்லைக்கு முன்பே தெரிந்தவர் வீட்டில் பூட்டிவிட்டு நடந்துவிடுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அன்று சைக்கிள் வெளியே நிற்கக் கூடாது. நான் நடுவீட்டுக்குள் கொண்டுவந்து, சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்க வைத்து, செயினுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பழைய சேலையைப் போர்த்திவிடுவேன்.