பயணப் பைக்கு லேண்ட்ஸ்கேப் லென்ஸ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேண்ட்ஸ்கேப் எடுக்க லென்ஸ் தேடுகிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது அபர்ச்சர் எண்ணைத்தான், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை; எண் சிறிதானால் துளை பெரிது. எஃப்/2.8 என்று போட்டிருந்தால் உயர்ந்த லென்ஸ், எஃப்/4.5-5.6 என்றால் சுமாரானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பயணத்தில் மலையும் கடலும் எடுக்கப் போகிறவருக்கு இதைவிடச் செலவு வைக்கும் தவறு வேறில்லை. முன்னால் கிடக்கும் பாறையிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக நிலக்காட்சியை எப்படியும் எஃப்/8, எஃப்/11 என்று சுருக்கித்தான் எடுக்கப் போகிறோம். லென்ஸை எடை கூடியதாகவும் விலை உயர்ந்ததாகவும் ஆக்குவது அந்தப் பெரிய அபர்ச்சர்தான். அதைத் திறக்கவே போவதில்லை என்றால் அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஏன் சுமக்க வேண்டும்?

கேனானின் 16-35 மி.மீ. லென்ஸ்களைப் பாருங்கள் (இந்த மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்). எஃப்/2.8 மூன்றாம் பதிப்பு 790 கிராம், எஃப்/4 ஐஎஸ் 615 கிராம். அமெரிக்காவில் அறிமுகமானபோது முதலாவதன் விலை 2,199 டாலர், இரண்டாவது 1,199 டாலர். எஃப்/8-இல் ஒரே இடத்தில் நின்று இரண்டிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்லப் பெரும்பாலும் முடியாது. படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள சாதாரண கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவருக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. 2014-இல் வந்த கேனான் 10-18 மி.மீ. எஃப்/4.5-5.6 எஸ்டிஎம் வெறும் 240 கிராம், அறிமுக விலை 299 டாலர். நிக்கானில் அதற்கு இணையானது ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 மி.மீ., 230 கிராம். டிஎஸ்எல்ஆர் போல உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்காரர்களுக்கு இன்னும் நல்ல காலம்: கேனான் ஆர்எஃப்-எஸ் 10-18 மி.மீ. 150 கிராம், சோனி 10-20 மி.மீ. எஃப்/4 178 கிராம். இவற்றில் பிளாஸ்டிக் உடல்தான், உண்மை. ஆனால் கோடை வெயிலில் நான்கு மணி நேரம் மலையேறும்போது தோள்பட்டைக்கு அந்தப் பிளாஸ்டிக்தான் பிடிக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பால்வீதி எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் எஃப்/2.8 உண்மையிலேயே வேண்டும். அதற்கு டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8 போன்றவை இருக்கின்றன. எடை அரைக்கிலோவுக்குச் சற்று மேலே போகும், ட்ரைபாடும் சேரும். ஆண்டுக்கு ஓரிரு இரவுக்காக அதைச் சுமக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்த தவறு கிராப் கணக்கை மறப்பது. சிறிய சென்சார் காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும். யூடியூபில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராக்காரர் ஒருவர் 16-35 மி.மீ. லென்ஸைப் புகழ்வதைக் கேட்டு, அதையே வாங்கி கேனான் கிராப் கேமராவில் மாட்டினால் அது கிட்டத்தட்ட 26-56 மி.மீ. போல நடந்துகொள்ளும். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸைவிடச் சற்றுதான் அகலம் கூடும்! கேனானில் 1.6, நிக்கான், சோனி, ஃபுஜியில் 1.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2 என்று பெருக்கிப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

சரி, அகலம் வேண்டும் என்கிறோமே, எவ்வளவு அகலம்? லேண்ட்ஸ்கேப் என்றாலே வைட் ஆங்கிள்தான் என்ற நம்பிக்கையைத்தான் எல்லாவற்றையும்விட நிதானமாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 10 மி.மீ. லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கித் தள்ளும். ஹம்பியில் பெரும்பாறைகளுக்கு நடுவே நிற்கிறீர்கள், கன்னியாகுமரியில் அலை உங்கள் காலடிப் பாறையில் வந்து அடிக்கிறது என்றால் அது அற்புதமான லென்ஸ். முன்னால் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது, பின்னால் வானம் விரிகிறது. அதே லென்ஸோடு கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று எதிரே தெரியும் மலையை எடுத்தால், படத்தின் நடுவில் மெல்லிய ஒரு கோடுதான் மிஞ்சும். மேலே வெறும் வானம், கீழே கைப்பிடிச் சுவர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அழகு பெரும்பாலும் அடுக்கில் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்கு ஏறி விடியலில் நின்றால், கீழே மேகம், அதைத் தாண்டி ஒரு முகடு, அதன் பின்னால் இன்னும் வெளிறிய ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த அடுக்குகளை நெருக்கிக் கொண்டுவருவது, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ். கேனான் 55-250 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம் 375 கிராம்தான், பழையது வாங்கினால் விலையும் குறைவு. கிட் லென்ஸையும் இதையும் சேர்த்தாலே 580 கிராம் அளவில் முடிந்துவிடும், மேலே சொன்ன அந்த 16-35 எஃப்/4 ஒன்றைவிடக் குறைவு. மலைப் பயணமே அதிகம் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன், அல்ட்ரா வைடை அல்ல. இன்னொன்று, இன்று பல கைபேசிகளிலேயே அல்ட்ரா வைட் கேமரா இருக்கிறது. தூரத்து முகட்டில்தான் கைபேசி திணறும்.

இதை ஊகித்து முடிவு செய்யவும் வேண்டாம். ஏற்கெனவே எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று விவரத்தில் பாருங்கள். பிடித்த படங்கள் பெரும்பாலும் 18-இல் முட்டி நின்றிருந்தால் வைட் வேண்டும், 55-இல் முட்டியிருந்தால் டெலி. இரண்டிலும் முட்டவில்லை என்றால் கிட் லென்ஸே போதும், பணத்தை ரயில் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கிக்கொண்டு லேண்ட்ஸ்கேப்புக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. முகங்களுக்கு அருமையான லென்ஸ், 160 கிராம்தான். ஆனால் கேனான் கிராப் கேமராவில் அது 80 மி.மீ., ஒரு முழு ஏரி அதில் அடங்காது. ஜூம் இல்லாத சிறிய பிரைம் லென்ஸ்தான் வேண்டும் என்றால் 24 மி.மீ. எஃப்/2.8 பேன்கேக் (தட்டையான லென்ஸ்) பாருங்கள், 125 கிராம், சட்டைப் பைக்குள் போய்விடும்.

பொருத்தம் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தலைவலி. நிக்கானின் ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100, டி5100, டி7000 போன்ற பழைய கேமராக்களில் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. கையால் வளையத்தைத் திருப்பினாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த வளையமும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. மறுபக்கம், டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கிராப் கேமராவுக்கென்று வந்த கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ் கேனான் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது.

ஃபில்டர் செலவையும் லென்ஸ் விலையோடு கூட்டிப் பாருங்கள். 82 மி.மீ. விட்டமுள்ள லென்ஸுக்கு நல்ல போலரைசர் (பளபளப்பைக் குறைத்து வானத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) வாங்குவதும் 49 மி.மீ.-க்கு வாங்குவதும் ஒன்றல்ல. நிக்கானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸான 14-24 எஃப்/2.8 போல முன் கண்ணாடி புடைத்திருக்கும் லென்ஸ்களில் சாதாரண திருகு ஃபில்டரைப் போடவே முடியாது. அல்ட்ரா வைடில் போலரைசர் போட்டு நீலவானம் எடுக்கும்போது கவனம் தேவை. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதி மட்டும் கருத்து, வானம் திட்டுத் திட்டாகத் தெரியும். மலிவான யுவி ஃபில்டரை மாட்டி உதயச் சூரியனை எடுக்காதீர்கள். தேவையில்லாத ஒளிப்புள்ளிகள் வந்து உட்காரும். அந்தக் காசில் பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஒரு ஹூட் வாங்கலாம், கேனான் தன் விலை குறைந்த லென்ஸ்களோடு அதைத் தருவதில்லை.

வாங்கிய பிறகு நடக்கும் ஒரு தவறு: எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்று எஃப்/22 வரை சுருக்குவது. அந்த அளவுக்குப் போனால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) முழுப் படமும் மங்கும். 10 மி.மீ.-இல் எஃப்/8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தாலே அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாகிவிடும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தப்பே இல்லை, குறைந்த செலவில் நல்லது கிடைக்க அதுதான் வழி. ஆனால் நம் கடலோர ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை எளிதில் பிடிக்கும். மேலே துடைத்துப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. உங்கள் கேமராவைக் கொண்டுபோய் மாட்டி, செங்கல் சுவர் ஒன்றை எஃப்/8-இல் எடுத்து, நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ராமேஸ்வரத்தில் ஏசி அறையிலிருந்து விடியலுக்குத் தனுஷ்கோடி கிளம்பும்போது, அரை மணி நேரமாவது கேமரா பையை மூடியபடியே வெளியில் வைத்திருந்து பிறகு திறந்தால் கண்ணாடியில் பனி படியாது.